பெரிய ரியாக்டரின் இயலாமையைக் குடுவைக்குள் கொண்டுவந்தோம்: பெருந்துறைப் பக்கம் ஒரு நிகழ்வு ஆய்வு

பெருந்துறைப் பக்கம் ஒரு சிறு தொழிற்சாலையில் உற்பத்திப் பொறியாளராக இருக்கிறேன். சாயப்பட்டறைகளுக்கு வேண்டிய துணை ரசாயனங்களைச் செய்கிறோம்: மென்மையாக்கி, நுரை அடக்கி, சாயம் பிடிப்பான். மொத்தம் முப்பது பேர், மூன்று ரியாக்டர்கள், அதாவது ரசாயன வினை நடக்கும் பெரிய கலன்கள். ஒரு லிட்டர் குடுவையில் அருமையாக வந்த ஒரு வினை 2,000 லிட்டர் ரியாக்டரில் எங்களை எப்படி நிலைகுலைய வைத்தது, அப்புறம் அதை எப்படிச் சரிக்குக் கொண்டுவந்தோம் என்பதை முழுதாக எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். கொங்கு நாட்டில் எங்களைப் போன்ற கம்பெனிகள் நிறைய. இதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவர்களும் நிறைய இருப்பார்கள். எழுதி வைத்தவர்கள்தான் குறைவு.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். பருத்தித் துணிக்கான சாயம் பிடிப்பான். பட்டறையில் 'ஃபிக்சர்' என்பார்கள். சாயம் போட்ட பனியன் துணியைக் கடைசியாக இதில் முக்கி எடுத்தால், துணியில் ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கும் எதிர்மின் சாய மூலக்கூறுகளை இந்த நேர்மின் பாலிமர் பிடித்துக்கொள்ளும். துவைக்கும்போது சாயம் இறங்காது. பழைய ஃபிக்சர்கள் டைசயன்டைஅமைடும் ஃபார்மால்டிஹைடும் சேர்த்துச் செய்தவை. ஏற்றுமதித் துணியில் ஃபார்மால்டிஹைடு விஷயத்தில் வாங்குபவர்கள் கெடுபிடி காட்ட ஆரம்பித்த பிறகு திருப்பூரில் எல்லோரும் ஃபார்மால்டிஹைடு இல்லாத சரக்கைக் கேட்டார்கள். ஓகோ-டெக்ஸ் 100 தரத்தில் தோலில் படும் உடைக்கு உச்சவரம்பு கிலோவுக்கு 75 மில்லிகிராம். கைக்குழந்தை உடை என்றால் சோதனையில் தென்படவே கூடாது. எனவே டைமெத்தில் அமீனையும் எபிகுளோரோஹைட்ரினையும் சேர்த்துப் பாலிஅமீன் செய்யும் வழிக்குப் போனோம். இதே குடும்பத்துப் பாலிமர்தான் சாயக் கழிவுநீரில் நிறம் எடுக்கவும் உதவுகிறது.

எபிகுளோரோஹைட்ரின் லேசான சரக்கில்லை. நச்சு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கும் 2ஏ பட்டியலில் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நாளிலிருந்து, ஒரு சொட்டுக் கழிவையும் வெளியே விடக் கூடாது என்பது இந்தப் பக்கத்துத் தொழிலின் அடிப்படை விதி. சாயக் கழிவால் நொய்யல் ஆறும் அதன் ஒரத்துப்பாளையம் அணையும் என்ன ஆயின என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு பேட்ச் கெட்டால் ஒன்றரை டன்னுக்கு மேல் கெட்ட சரக்கு கையில் நிற்கும், அதைக் கொட்ட இடம் கிடையாது. இங்கே பெரிய அளவில் தப்புச் செய்வதற்கு இடமே இல்லை.

குடுவையில் வேலை சுளுவாக இருந்தது. 40 விழுக்காடு டைமெத்தில் அமீன் கரைசல், அடியில் ஐஸ் தொட்டி, மேலே சொட்டுப் புனல். ஒன்றரை மணி நேரத்தில் எபிகுளோரோஹைட்ரின் முழுவதையும் சொட்டிவிட்டு, வெப்பத்தை 35 டிகிரியில் பிடித்துக்கொண்டு, அப்புறம் 80 டிகிரிக்கு ஏற்றி மூன்று மணி நேரம் விட்டால் தேன் நிறத்தில் கெட்டியாக வரும். எங்கள் ஆய்வகப் பெண் மூன்று தடவை செய்தார். மூன்றும் ஒன்று போல. முதலாளிக்கு ஒரே சந்தோஷம். "குடுவையில வருதுங்கல்ல, அப்புறம் என்னங்? ரெண்டு கேஎல்ல போட்றலாமுங்" என்றார். கேஎல் என்றால் கிலோலிட்டர், ஆயிரம் லிட்டர். நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு நான்தான் பொறுப்பு.

அன்று நடந்தது

மார்கழியிலும் தையிலும் போட்ட முதல் இரண்டு பேட்ச் நன்றாகவே வந்தன. 700 கிலோ அமீன் கரைசல், 570 கிலோ எபிகுளோரோஹைட்ரின், கடைசியில் 400 கிலோ தண்ணீர் விட்டு 50 விழுக்காட்டுக்கு இறக்குவது. ஆபரேட்டர் வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து வால்வைத் திறந்து மூடினார். டோசிங், அதாவது எபிகுளோரோஹைட்ரினைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுவது, மட்டும் பத்து மணி நேரம் இழுத்தது. நேரம் அதிகம் என்று குறைப்பட்டோமே தவிர, ஏன் அவ்வளவு இழுக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அங்கேயே ரியாக்டர் எங்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டது. கேட்கத்தான் காது இல்லை.

மூன்றாவது பேட்ச் ஒரு சித்திரை மதியத்தில். கூலிங் டவர் தண்ணீரே 32 டிகிரி. ரியாக்டரை 35-ல் பிடிக்க வேண்டும் என்றால் மூன்று டிகிரி வித்தியாசத்தில் எந்தச் சூடு வெளியே போகும்? ரியாக்டரைச் சுற்றியிருக்கும் குளிர்நீர் உறைதான் ஜாக்கெட்; ஐஸ் பார் வாங்கி அந்த ஜாக்கெட் தொட்டியில் போட்டோம். வெப்பம் மளமளவென்று 29-க்கு இறங்கியது. 'நன்றாகக் குளிர்ந்திருக்கிறது, சீக்கிரம் முடித்துவிடலாம்' என்று டோசிங் வால்வைக் கூடுதலாகத் திறந்தோம். ஏறக்குறைய 380 கிலோ உள்ளே போயிருந்தபோது மின்சாரம் நின்றது.

ஜெனரேட்டர் வந்துவிட்டது. ஆனால் மின்சாரம் போனதும், உள்ளே கலக்கும் ஸ்டிரரின் மோட்டாருக்கான ஸ்டார்ட்டர் தானாக விழுந்துவிடும். யாராவது போய்ப் பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் மறுபடி ஓடும். அன்று அதைக் கவனிக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. மேலே இருக்கும் ஹெட் டேங்கிலிருந்து எபிகுளோரோஹைட்ரின் இறங்குவதற்கோ மின்சாரம் தேவையில்லை. அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டே இருந்தது. தண்ணீரில் முழுதாகக் கரையாது, அடர்த்தி 1.18 என்பதால் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. பொத்தானை அழுத்தினோம். அடியில் கிடந்ததெல்லாம் ஒரே நேரத்தில் கலந்தது. 29-ல் இருந்த முள் சில நிமிடங்களில் 68-ஐத் தொட்டது. டைமெத்தில் அமீன், ஆவியைக் குளிர்வித்துத் திருப்பி அனுப்பும் கன்டென்சரை மீறி வெளியே வந்து, மீன் கவிச்சி கேட்டைத் தாண்டி டீக்கடை வரை போனது. டோசிங் வால்வை மூடி, எல்லோரையும் ரியாக்டர் மேடையிலிருந்து இறக்கி வெளியே நிறுத்தினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு படபடக்கிறது.

சரக்கு வீண். பிசுக்குமை, அதாவது சரக்கின் கெட்டித்தன்மை, குடுவையில் வந்ததில் பாதிகூட இல்லை. இதற்கான காரணத்தை 1930-களிலேயே வாலஸ் கரோதர்ஸ் சமன்பாடாக எழுதிவிட்டார். இரண்டு பொருள்கள் மாறி மாறிக் கை கோத்து நீளும் சங்கிலியில், இரண்டும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். ஒன்று 1 விழுக்காடு குறைந்தால் வினை முழுதாக முடிந்தாலும் சராசரிச் சங்கிலி நீளம் 199 அலகோடு நின்றுவிடும். 5 விழுக்காடு குறைந்தால் 39. ஆவியாகிப் போன அமீன் எங்கள் சங்கிலியை அறுத்துவிட்டது.

அன்று ராத்திரி தூக்கம் வராமல், அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம் டி2 லேபரட்டரீஸ் விபத்தைப் பற்றி எழுதிய அறிக்கையைப் படித்தேன். ஃபுளோரிடா மாநிலம் ஜாக்சன்வில்லில் 2007 டிசம்பர் 19 அன்று நடந்தது. ஒரு லிட்டர் சோதனையிலிருந்து நேராக 9,000 லிட்டருக்கு மேற்பட்ட ரியாக்டருக்குப் போன கம்பெனி. ஜாக்கெட்டுக்குத் தண்ணீர் வர ஒரே வழி, மாற்று ஏற்பாடு கிடையாது. 42-வது பேட்ச்சில் அளவை மூன்றில் ஒரு பங்கு கூட்டினார்கள். 175-வது பேட்ச்சில் குளிர்ச்சி தவறியது. நான்கு பேர் இறந்தார்கள், 32 பேர் காயமடைந்தார்கள். அவர்களுடைய வினை வேறு, எங்களுடையது வேறு. ஆனால் 174 பேட்ச் ஓடிய பிறகும் அப்படி ஆகும் என்றால், எங்கள் இரண்டு நல்ல பேட்ச்சுக்கு என்ன அர்த்தம்? மார்கழிக் குளிர்தான் அவற்றைக் காப்பாற்றியிருந்தது.

முதலிலேயே போட்டிருக்க வேண்டிய கணக்கு

எபிகுளோரோஹைட்ரினில் இருக்கும் எபாக்சி வளையம் அமீனோடு திறக்கும்போது மோலுக்குச் சுமார் 100 கிலோஜூல் சூடு வரும். 570 கிலோ எபிகுளோரோஹைட்ரின் என்பது 6,160 மோல். ஆக ஒரு பேட்ச்சுக்கு ஏறக்குறைய 620 மெகாஜூல். 275 கிலோ தண்ணீரை முழுதாக ஆவியாக்கப் போதுமான சூடு இது. வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கினால், கணக்குப்படி வெப்பம் 175 டிகிரி ஏறும். அதற்கு முன்பே எல்லாம் கொதித்துக் கிளம்பிவிடும் என்பது வேறு.

வெளியே போகும் வழி எவ்வளவு அகலம்? எங்களுடையது கண்ணாடிப் பூச்சு ரியாக்டர். குளோரைடு இருப்பதால் எவர்சில்வரை நம்ப முடியாது. கண்ணாடிப் பூச்சு சூட்டைக் கொஞ்சம் தடுக்கும். நனையும் ஜாக்கெட் பரப்பு 5 சதுர மீட்டர், சதுர மீட்டருக்கு டிகிரிக்கு 280 வாட், சராசரி வெப்ப வித்தியாசம் 15 டிகிரி என்று தாராளமாக வைத்தாலும் 21 கிலோவாட்தான் வெளியே போகும். 620 மெகாஜூலை 21 கிலோவாட்டில் வடிக்க எட்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். முதல் இரண்டு பேட்ச்சில் டோசிங் பத்து மணி நேரம் இழுத்த ரகசியம் இதுதான். இதில் இன்னொரு கொடுமை: தொடக்கத்தில் ரியாக்டரில் அமீன் கரைசல் மட்டும் இருக்கும்போது மட்டம் தாழ்வாக இருக்கும், நனையும் பரப்பு ஐந்துகூட இருக்காது. வினை வேகமாக நடப்பதோ அந்தத் தொடக்கத்தில்தான்.

குடுவையில் இந்தத் தொந்தரவு இல்லாததற்குக் காரணம் வெறும் வடிவியல். கொள்ளளவு 2,000 மடங்கு ஏறினால் நீள அகலம் 12.6 மடங்குதான் ஏறும். லிட்டருக்குக் கிடைக்கும் பரப்பு 12.6-ல் ஒரு பங்காகிவிடும். கல்யாணச் சமையல்காரருக்கு இது கைப்பழக்கமாகத் தெரியும். வீட்டுப் பானைக்கு அடுப்பை அணைக்கும் நேரம் வேறு, நூறு படி அண்டாவுக்கு வேறு.

கலக்குவதிலும் இதே கதை. ஆய்வகத்தில் ஸ்டிரரின் விட்டம் 5 சென்டிமீட்டர், 400 சுற்று. ரியாக்டரில் 65 சென்டிமீட்டர், 90 சுற்று. லிட்டருக்குச் செலவாகும் கலக்கு சக்தியைக் கணக்கிட்டால் ரியாக்டரில் குடுவையைப் போல இரண்டு மடங்கு வருகிறது. அதைப் பார்த்து நான் நிம்மதியாக இருந்துவிட்டேன். ஆனால் ஒரு சொட்டு பாத்திரம் முழுதும் பரவ ஆகும் நேரம் சுற்று எண்ணிக்கைக்கு எதிராகப் போகும். குடுவையில் ஆறேழு நொடியில் முடிவது ரியாக்டரில் அரை நிமிடம். அதையும் ஆறேழு நொடியாக்க ரியாக்டரை 400 சுற்றில் ஓட்ட வேண்டும் என்றால், லிட்டருக்கான சக்தி குடுவையைப் போல ஏறக்குறைய 169 மடங்கு ஆகும். எந்த மோட்டாரும் தாங்காது. எல்லாவற்றையும் ஒருசேர ஒத்துப்போகச் செய்ய முடியாது என்று 1936-லேயே ஜெர்மனியில் கெர்ஹார்ட் டாம்கோலர் வினைக்கலங்களின் ஒப்புமையைப் பற்றி எழுதியிருக்கிறார். எது முக்கியம் என்று தேர்ந்தெடுத்து அதை மட்டும் காப்பாற்ற வேண்டும். எது முக்கியம் என்பதை வினையின் நேரத்தையும் கலக்கும் நேரத்தையும் சூடு வடியும் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எங்கள் வினைக்கு முதல் இடம் சூட்டுக்கு, இரண்டாம் இடம் சொட்டு விழும் இடத்துக் கலக்கலுக்கு.

குடுவையைக் கஷ்டப்படுத்தியது

இந்த முழு வேலையில் நான் மிகவும் மதிப்பது இந்தக் கட்டத்தைத்தான். அதுவரை நாங்கள் குடுவையில் நன்றாக வருவதை ரியாக்டரில் வரவைக்கப் பார்த்தோம். இப்போது தலைகீழாகப் போனோம். ரியாக்டருக்கு என்னென்ன இயலாதோ அத்தனையையும் குடுவைக்குக் கொண்டுவந்தோம். ரியாக்டர் மெதுவாகக் குளிரும், மெதுவாகக் கலக்கும், சொட்டை ஒரே இடத்தில் வாங்கும், நடுவில் மின்சாரமும் போகும். குடுவையும் இதையெல்லாம் படட்டும் என்று முடிவு செய்தோம்.

ஐஸ் தொட்டியை எடுத்துவிட்டு, குடுவையைத் தெர்மோகோலால் சுற்றி, கொஞ்சம் இடம் மட்டும் விட்டு, அதில் 32 டிகிரித் தண்ணீரை மெல்ல ஓடவிட்டோம். லிட்டருக்கு எவ்வளவு சூடு ரியாக்டரில் வடியுமோ அவ்வளவே இதிலும் வடியும்படி. ஸ்டிரரை 90 சுற்றுக்குக் குறைத்தோம். குடுவையில் 90 சுற்று என்பது ரியாக்டரைவிட மோசம். எபிகுளோரோஹைட்ரின் அடியில் முத்து முத்தாக உருள்வது கண்ணுக்கே தெரிந்தது. மோசமான பக்கத்தில் இருப்பது நல்லதுதான் என்று விட்டுவிட்டோம். அப்புறம் ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகக் கூண்டுக்குள், தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால், சிறிய அளவில், வேண்டுமென்றே ஸ்டிரரைப் பத்து நிமிடம் நிறுத்தி மறுபடி ஓட்டினோம். அன்று மேடையில் பார்த்த அதே துள்ளலை வெப்பமானி காட்டியது. ஒரு லிட்டருக்குள் அந்த மதியத்தை மறுபடி பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது, அதே நேரம் பெரிய நிம்மதியும் வந்தது. குடுவையில் வரவழைக்க முடிந்த பிரச்சினையைக் குடுவையிலேயே தீர்க்கவும் முடியும்.

வினையில் வரும் சூட்டை அளக்கும் வினை கலோரிமீட்டர் எங்கள் சக்திக்கு எட்டாத விலை. ஆய்வகப் பெண் ஒரு வெற்றிடச் சுவர்க் குடுவையை வைத்து எளிய சோதனை ஒன்றை ஏற்பாடு செய்தார். டோசிங்கின் நடுவில் நிறுத்தி, வினைக் கலவையில் கொஞ்சம் எடுத்து அதில் ஊற்றி மூடி, தானாக எவ்வளவு சூடேறுகிறது என்று பார்ப்பது. இப்போது குளிர்ச்சி நின்றுபோனால் இது எங்கே போய் நிற்கும் என்ற கேள்விக்கு அதுவே பதில். ஏறினால் உள்ளே வினைபடாத எபிகுளோரோஹைட்ரின் தேங்கிக் கிடக்கிறது. ஏறாவிட்டால் போட்டது போட்டவுடன் தீர்ந்துவிட்டது.

முடிவு எங்கள் புரிதலையே திருப்பிப் போட்டது. 29 டிகிரியில் எடுத்தது நன்றாக ஏறியது. 48 டிகிரியில் எடுத்தது சும்மா கிடந்தது. நாங்கள் பாதுகாப்பு என்று நினைத்த குளிர்தான் வினையை மந்தமாக்கி, சரக்கைத் தேக்கி வைத்திருக்கிறது. அந்த மதியத்தின் 39 டிகிரி ஏற்றத்தை வைத்துத் திருப்பிக் கணக்குப் போட்டால், ஏறக்குறைய 110 கிலோ எபிகுளோரோஹைட்ரின் வினைபடாமல் உள்ளே காத்திருந்திருக்கிறது. அதில் மின்வெட்டின்போது இறங்கியது 40 கிலோதான் இருக்கும். மீதி அதற்கு முன்பே, ஐஸ் போட்ட தைரியத்தில், நாங்களே சேர்த்து வைத்தது.

சரி, அப்படியானால் ஆரம்பத்திலிருந்தே 48-ல் ஓட்டலாமே? முடியாது. டைமெத்தில் அமீன் தூய நிலையில் 7 டிகிரியிலேயே கொதிக்கும் பொருள். தொடக்கத்தில் கரைசல் அடர்த்தியாக இருக்கும்போது 48-க்குப் போனால் அது ஆவியாகிச் சங்கிலி அறுந்துவிடும். குளிரவைத்தால் ஒன்று தேங்குகிறது, சூடாக்கினால் இன்னொன்று ஓடிப்போகிறது.

ஆறு பேர், ஆறு தாள்

இந்த முரணை முன்னால் வைத்துக்கொண்டு கூட்டம் போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முதலாளி பேசுவார், நான் பேசுவேன், மற்றவர்கள் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதனால் பேச்சே வேண்டாம் என்று வைத்தோம். 1968-ல் பெர்ன்ட் ரோர்பாக் என்ற ஜெர்மானியர் வகுத்த முறை ஒன்று உண்டு. ஆறு பேர், ஆளுக்கு மூன்று யோசனை, ஐந்து நிமிடம். எழுதி முடித்ததும் தாளைப் பக்கத்து ஆளுக்குத் தள்ள வேண்டும், அவர் அதைப் படித்து அதன்மேல் இன்னும் மூன்று எழுதுவார். முதலாளி, நான், ஆய்வகப் பெண், இரண்டு ஆபரேட்டர்கள், எலக்ட்ரீஷியன்.

ஸ்டார்ட்டர் விழுந்ததும் டோசிங் வால்வும் விழ வேண்டும் என்று எழுதியவர் எலக்ட்ரீஷியன். ஒரே வரி. ஸ்பிரிங் வைத்த வால்வு. மின்சாரம் இருந்தால் திறக்கும், போனால் தானே மூடும். இதை நான் யோசிக்காமல் போனதற்கு எனக்குச் சாக்கு இல்லை.

மூத்த ஆபரேட்டரின் தாளில் 'பச்சைச் சாறு' என்று இரண்டே சொல். புரியாமல் அவரிடம் போய்க் கேட்டேன். அவர் குடும்பத்துக்குக் கவுந்தப்பாடிப் பக்கம் கரும்பாலை இருந்தது. "தம்பி, வெல்லம் காய்ச்சையில பொங்கிட்டு வந்துச்சுன்னா அடுப்ப இழுத்துப் போட்டாலும் பத்தாதுங். கொப்பரைச் சூடே போதும், பொங்கி ஊத்திரும். அதுக்குன்னு ஒரு சொம்புல பச்சைச் சாறு எப்பவும் பக்கத்துல இருக்கோணும். தெளிச்சா அடங்கிக்கும். தண்ணியத் தெளிச்சாப் பதம் கெடும், சாறுன்னா அதுவும் வெல்லந்தானுங்."

அவர் சொல்லி முடிக்கும்போதே எனக்கு எங்கள் 400 கிலோ தண்ணீர் ஞாபகம் வந்துவிட்டது. கடைசியில் எப்படியும் சரக்கில் சேரப்போகிற தண்ணீர். அதை ஆரம்பத்திலேயே மேல் தொட்டியில் ஏற்றி, குளிரவைத்து, மின்சாரம் தேவைப்படாத ஒரு வால்வோடு காவலுக்கு நிறுத்தினால்? ஆபத்து வந்தால் விழும். வராவிட்டால் கடைசியில் விழும். 15 டிகிரித் தண்ணீர் 400 கிலோ, 50 டிகிரியில் உள்ள முழுக் கலவையில் விழுந்தால் 39-க்கு இறக்கிவிடும். நீர்த்துப்போவதால் வினையும் மந்தமாகும். சரக்கும் கெடாது. சோவியத் நாட்டில் காப்புரிமைகளை அலசி கென்ரிக் அல்ட்ஷுல்லர் உருவாக்கிய, சிக்கல்களுக்குத் தீர்வு தேடும் டிரிஸ் முறையின் 40 கொள்கைகளில் 'முன்கூட்டியே மெத்தை விரித்து வை' என்கிற மாதிரி ஒன்று இருக்கிறது. அதை நான் ஒரு பயிலரங்கில் படித்திருந்தேன். படித்ததைப் பொருத்திப் பார்க்கக் கவுந்தப்பாடிக் கொப்பரை வேண்டியிருந்தது.

அதே டிரிஸ் முறைதான் குளிர்-சூடு முரணுக்கும் வழி காட்டியது. ஒரே பொருளுக்கு இரண்டு எதிரெதிர்த் தேவை இருந்தால், இரண்டும் ஒரே நேரத்தில் தேவையா என்று கேள் என்கிறது அது. எங்களுக்கு ஒரே நேரத்தில் தேவையில்லை. தொடக்கத்தில் அமீன் நிறைய இருக்கும்போதுதான் ஆவியாகும் பயம். அப்போது வினையும் வேகமாக நடக்கும், 35 டிகிரியிலும் தேங்காது. அமீன் குறையக் குறைய ஆவி பயம் குறையும், தேங்கும் பயம் ஏறும். அப்போது 50-க்குப் போகலாம், போகவும் வேண்டும். ஒரே வெப்பத்தில் பிடித்துவைக்க வேண்டும் என்ற விதியை யாரும் எங்களுக்குத் தரவில்லை. ஐஸ் தொட்டியில் குடுவை அப்படித்தான் இருந்தது என்பதால் நாங்களாகப் பிடித்துக்கொண்டது அது.

வேறு யோசனைகளும் வந்தன. ஒரு பெரிய ரியாக்டருக்குப் பதில் நான்கு 500 லிட்டர் ரியாக்டர், குழாய்க்குள் தொடர்ந்து ஓடும் வினை. இரண்டும் நல்ல வழிகளே. பணமும் இடமும் இல்லாததால் தள்ளி வைத்தோம்.

செய்த மாற்றம்

ரியாக்டரின் அடியிலிருந்து கலவையை எடுத்து, வெளியே ஒரு கிராஃபைட் வெப்பப் பரிமாற்றி வழியாக ஓட்டி, மேலே திருப்பி விடும் சுற்றுக் குழாய் போட்டோம். சீல் இல்லாத காந்த இயக்கப் பம்ப். கோயம்புத்தூர் பக்கத்தில் இருப்பதன் அருமை இங்கே தெரிந்தது. பம்ப் விஷயத்தில் எதைக் கேட்டாலும் பதில் சொல்ல ஆள் இருக்கும் ஊர் அது. எபிகுளோரோஹைட்ரின் இப்போது ரியாக்டரின் தலையில் சொட்டுவதில்லை. பம்ப்புக்கு அப்புறம் குழாயில், நிலைக் கலக்கியின் (தான் சுழலாமல், ஓடும் திரவத்தைக் கலக்கும் குழாய்த் துண்டு) வாயிலில் சேர்கிறது. பாத்திரம் முழுதும் பரவ அரை நிமிடம் காத்திருக்க வேண்டியதில்லை. ஓடும் குழாயிலேயே நொடிக்குள் கலந்து, அடுத்த அடியிலேயே பரிமாற்றியில் சூட்டை இறக்கிவிட்டுப் போகிறது.

பரிமாற்றியின் 6 சதுர மீட்டர், ஜாக்கெட்டைவிட இரண்டு மடங்குக்குச் சற்று மேல் நன்றாகச் சூடு கடத்தும் சுவர், 12 டிகிரி வித்தியாசம்: 43 கிலோவாட். ஜாக்கெட்டின் 21-ஐச் சேர்த்தால் 64. டோசிங்கை நான்கரை மணி நேரமாக வைத்தோம்; அப்போது சராசரியாக 38 கிலோவாட்தான் வரும். கைவசம் தாராளமாக மிச்சம் இருக்கிறது. இன்னும் வேகமாக்கலாம் என்று முதலாளி கேட்டார். சித்திரை மதியத்துக்காக அந்த மிச்சத்தை விட்டுவைக்கச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்.

ஹெட் டேங்கிலிருந்து வரும் குழாயில் சிறு துளைத் தகடு ஒன்றைப் போட்டோம். வால்வை முழுதாகத் திறந்தாலும் மணிக்கு 150 கிலோவுக்கு மேல் இறங்காது. எவ்வளவு அவசரப்பட்டாலும் அதற்கு மேல் அவசரப்பட முடியாது.

ஐஸ் இன்னும் வாங்குகிறோம். ஆனால் இடமும் நேரமும் மாறிவிட்டன. முதல் ஐந்தில் ஒரு பங்கு எபிகுளோரோஹைட்ரின் போகும்வரை, 35 டிகிரியில் ஓடும் கட்டத்துக்கு மட்டும், பரிமாற்றித் தண்ணீரில் 300 கிலோ அளவுக்கு ஐஸ். அதற்கப்புறம் ரியாக்டர் 50-ஐ நோக்கிப் போவதால் டவர் தண்ணீரே போதும்.

டோசிங் வால்வு இப்போது நான்கு விஷயத்தைப் பார்க்கிறது: ஸ்டிரர் மோட்டார் ஆம்பியர், சுற்றுக் குழாயின் ஓட்டம், வெப்பத்தின் மேல் வரம்பு, வெப்பத்தின் கீழ் வரம்பு. கடைசியைப் புரியவைக்கத்தான் ரொம்ப நாள் ஆனது. சூடு ஏறினால் நிறுத்து என்பது எல்லோருக்கும் புரிகிறது. குளிர்ந்தால் நிறுத்து என்றால் ஷிப்ட் மாறும் ஒவ்வொரு தடவையும் ஒரு கேள்வி வந்தது. கடைசியில் ஆய்வகப் பெண் புது ஆபரேட்டர்களைக் கூப்பிட்டு, 29 டிகிரிச் சோதனையைக் கண்ணாடிக்குப் பின்னால் செய்து காட்டினார். அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

பிறகு

புது ஏற்பாட்டை முதலில் 50 லிட்டர் கண்ணாடி ரியாக்டரில் மூன்று தடவை ஓட்டிவிட்டுத்தான் 2,000-க்குப் போனோம். முதல் பேட்ச்சுக்கு நான் காலை ஐந்து மணிக்கே வந்து, சரக்கு ஆறும்வரை மேடையை விட்டு இறங்கவில்லை. பிசுக்குமை குடுவைச் சரக்கோடு ஒத்துப்போனது. திருப்பூரில் ஒரு பட்டறையில் அடர் சிவப்புத் துணியில் போட்டுப் பார்த்தார்கள். துவைப்புச் சோதனையில் பக்கத்து வெள்ளைத் துணியில் சாயம் ஏறவில்லை. அந்தக் கோடையிலேயே நடு டோசிங்கில் மின்சாரம் போனது. ஸ்டார்ட்டர் விழுந்தது, வால்வும் கூடவே விழுந்தது. ஜெனரேட்டர் வந்து ஸ்டிரரும் பம்ப்பும் ஓடிய பிறகு முள் ஒன்றிரண்டு டிகிரி அசைந்ததோடு சரி. மூத்த ஆபரேட்டர் மேல் தொட்டியின் வால்வில் கை வைத்தபடியே நின்றிருந்தார். திறக்க வேண்டி வரவில்லை.

தீராத தொந்தரவு ஒன்று இருக்கிறது. 80 டிகிரிக் கட்டத்தில் சரக்கு கெட்டியாகும்போது, சுற்றுக் குழாயில் ஓட்டமில்லாத ஒரு முட்டுச் சந்தில் ஜெல் படிகிறது. ஒவ்வொரு பேட்ச்சுக்கும் அப்புறம் கழுவுகிறோம். கழுவின தண்ணீரை அடுத்த பேட்ச்சின் நீர்ப்புக்கு வைத்துக்கொள்கிறோம். குழாயின் வளைவை மாற்றிப் போட வேண்டும். வரைபடம் போட்டாகிவிட்டது, இன்னும் வெட்டி ஒட்டவில்லை.

இப்போது முதலாளி 5,000 லிட்டர் ரியாக்டர் ஒன்றை விலை பேசிக்கொண்டிருக்கிறார். லிட்டருக்கான பரப்பு இன்னும் கால் பங்குக்கு மேல் குறையும். இந்தத் தடவை அவரே ஆய்வகத்துக்கு வந்து, "ஏம்மா, அஞ்சு கேஎல் மாதிரி அந்தக் குடுவையக் கொஞ்சம் கஷ்டப்படுத்திப் பாருங்" என்றார். தெர்மோகோலில் விட்ட இடத்தை இன்னும் குறுக்கி, ஸ்டிரரை 65 சுற்றுக்கு இறக்கியிருக்கிறோம். வெற்றிடச் சுவர்க் குடுவை கழுவிக் காயவைத்திருக்கிறது. திங்கட்கிழமை முதல் ஓட்டம்.